முகம் ஆறும்வரை

ராவ்னா அன்று காபிக்கு இறங்கவில்லை.

ஐலுவின் குடிசைப் புகை தூரத்திலேயே தெரிந்தது. நேராக மேலே போய், கொஞ்ச உயரத்தில் மடங்கி, வடக்காகச் சாய்ந்திருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு அவன் வெளியே வந்து நின்றிருந்தான். கையில் கரி பிடித்த கெட்டில். அதைத் தூக்கிக் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவை இத்தனை வருடங்களில் இருந்ததில்லை. ராவ்னா கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்தினாள். வேகத்தைக் குறைக்கவில்லை. பனிவண்டி குடிசையைத் தாண்டி, பிர்ச் மரங்களுக்கு இடையே இறங்கி, உறைந்த ஏரிக்குள் போனது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிற்க வேண்டியிருக்கும்.

நார்வேயின் வடகோடியில் உள்ள அந்தப் பீடபூமியில், புகை வருகிற குடிசையைத் தாண்டிப் போகிறவர்கள் இரண்டு வகை. வீட்டில் சாவு விழுந்தவர்கள், அல்லது எதையோ மறைக்கிறவர்கள். ராவ்னா வீட்டில் யாரும் சாகவில்லை.

குன்றுக்குத் தெற்கே ராவ்னாவும் அவள் தம்பி இசாத்தும் இன்னொரு குடும்பமும் சேர்ந்து மேய்க்கிற துருவமான்கள். வடக்கே ஐலுவின் ஆட்களுடையவை. இடையில் வேலி கிடையாது. இந்தப் பக்கம் ராவ்னாவும் அந்தப் பக்கம் ஐலுவும் தினமும் வண்டியில் எல்லை நெடுகப் போய்ப் பனியைப் பார்ப்பார்கள். தடம் குறுக்கே போயிருந்தால் தொடர்ந்து போய் மான்களைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். தடம் அடுத்தவருடைய மானுடையது என்றால், ஒரு பிர்ச் குச்சியை ஒடித்து, போன திசைக்குச் சாய்த்து அதிலேயே நட்டுவிட்டு வருவார்கள். நடுவில், குடிசையில் காபி. ஒருவர் பார்த்ததை மற்றவர் கேட்டுக்கொள்வார். வேலி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்தக் காபியைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காபிதான் ராவ்னாவின் கண்ணைக் கெடுத்தது.

ஜனவரியில், இரண்டு மாதம் காணாமல் போயிருந்த சூரியன் விளிம்பில் எட்டிப் பார்த்த வாரம். அன்றும் இறங்கினாள். உலர்ந்த இறைச்சியைச் சீவிக் காபியில் போட்டு, பாலாடைக்கட்டித் துண்டைக் கோப்பையின் அடியில் ஊறவைத்து, இரண்டு கோப்பை குடித்தார்கள். அடுப்பு சிவந்திருந்தது. கெட்டில் கொதித்துக் கொதித்து ஜன்னல் வேர்த்திருந்தது. உள்ளே நுழைந்த மாத்திரத்தில் அவளுடைய மூக்குக்கண்ணாடி வெளுத்துவிட்டது. துடைத்தாள். மறுபடி வெளுத்தது. வண்டியில் போட்டுக்கொள்கிற காகிள்ஸை எல்லோரையும் போல நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தாள். அதன் ஓரத்துப் பஞ்சு, நெற்றி வேர்வையையும் குடிசையின் ஈரத்தையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முகத்துச் சூடு உள்ளே ஆவியானது. ஆவி உறைந்தது. மூக்குக்கண்ணாடியில் ஒரு படலம், காகிள்ஸில் ஒரு படலம், மீன் செதில் மாதிரி. கழற்றினால் காற்றில் கண்ணீர் வந்து இமை ஒட்டிக்கொள்ளும். போட்டுக்கொண்டால் எதிரே பால் சுவர். காகிள்ஸின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக் காசு அகலத்துக்கு ஓட்டை செய்து, அந்த ஓட்டை வழியாக எல்லையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

தடம் அந்த ஓட்டைக்கு வெளியே இருந்தது.

மறுநாள் இரண்டு மந்தையும் கலந்துவிட்டன. மரச்சட்டங்களால் பட்டி கட்டி, எல்லாவற்றையும் உள்ளே ஓட்டி, காதுக்குறி பார்த்துச் சுருக்குக் கயிறு வீசிப் பிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க அதே வேலையாகப் போனது. சினைமான்கள் பட்டிக்குள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடின. வசந்தத்தில் சில குட்டி போடாது என்று எல்லாருக்கும் தெரியும்.

கடைசி நாள் இசாத் பக்கத்தில் வந்து நின்றான். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினான்.

“அக்கா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எல்லைக்கு வேற ஆளப் போட்டுருவேன். பின்லாந்துக்காரன் ஒருத்தன் வேலை கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“ம்.”

“உனக்குக் கண்ணு தெரியலன்னு நான் சொல்லல.”

“சொல்லேன். எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும் சொல்றதத் திருப்பி நான் எதுக்குச் சொல்லணும்?”

எல்லைக்குப் போகாதவளுக்கும் மான் இருக்கும். காதுக்குறி அவள் பேரிலேயே இருக்கும். ஆனால் தன் மான் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று அடுத்தவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் கணவன் ஹெய்க்கா அப்படித்தான் கேட்கிறான், ஆறு வருடமாக. தினமும் சாயங்காலம், அவள் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால்.

ராவ்னாவுக்குக் கண் என்றைக்கும் நன்றாக இருந்ததில்லை. விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம், கரும்பலகை என்பது சும்மா கருப்பாக இருக்கிற பலகை என்றுதான் நினைத்திருந்தாள். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதியதற்கு வேறு ஏதோ காரணம் இருக்கும். பக்கத்து இடத்தில் ஐலு. ஆசிரியை நார்வே மொழியில் எழுதுவதை அவன் அவர்கள் மொழியில் மாற்றி, உதடு அசையாமல் முணுமுணுப்பான். அவள் அதைக் கேட்டு எழுதுவாள். வகுப்பில் பேசியதற்காக அவன் சில நாள் தண்டனையாகத் தாழ்வாரத்தில் நின்றிருக்கிறான். அடுத்த வருடம் கண் டாக்டர் வந்தார். தடிமனான கண்ணாடி வந்தது. கரும்பலகையில் எழுத்து வந்தது. அதன் பிறகு ஐலுவை வேறு பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருக்கிறது?

கல்யாணமாகிப் பத்திருபது வருடம் எல்லைக்கு ஹெய்க்காதான் போனான். அவள் வீட்டையும் பட்டியையும் பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் முதுகு போனது. பாறை மேலும் புதர் மேலும் துள்ளித் துள்ளி, வண்டி அவன் முதுகெலும்பைத் தட்டுத்தட்டாக நசுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள். ஊசி போட்டுப் பார்த்தார்கள். பெல்ட் கட்டினார்கள். மகள் டிரோம்சோ நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். மானின் மூச்சு நாற்றம் பிடிக்காது என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டவள். ராவ்னா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். ஐம்பத்தொரு வயதில் அது ஒரு தொடக்கம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாராவது போக வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஊரில் சொல்லாத யோசனை இல்லை. பட்டியில் பிரித்து முடித்த வாரம், ஹெய்க்கா சமையலறைத் தரையில் முதுகை நீட்டி மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

“பாத்திரம் கழுவுற சோப்பு?”

“காகிள்ஸுக்கு ஓடும். ஒரு மலை தாண்டறவரைக்கும்.”

“எச்சில்?”

“உறைஞ்சு போச்சு.”

“பல் தேய்க்கிற பேஸ்ட்டு?”

“கோடு விழுந்துச்சு.”

“உருளைக்கிழங்க வெட்டித் தேய்க்கணும்னு சொன்னானே கடைக்காரன்.”

“கொண்டுபோனேன். பசிச்சுச்சு, தின்னுட்டேன்.”

அவன் தரையிலிருந்தபடியே சிரித்தான். சிரித்தால் வலிக்கும், அதனால் மூக்கால் மட்டும்.

“இசாத்து வாங்கிக் கொடுத்தானே, கரண்ட்டுல சூடாகிற கண்ணாடி வச்ச ஹெல்மெட்டு. அது?”

“வெளிக்கண்ணாடி சூடாகுது. உள்ள என் கண்ணாடி பழையபடிதான். ஒயரு வேற மரத்துல மாட்டி அறுந்துபோச்சு.”

“கண்ணுக்குள்ள ஒட்டிக்கிற லென்ஸு?”

“ஒண்ணு வீட்டுல இருக்கு. இன்னொண்ணு மலையில இருக்கு.”

“அதத்தான் ஏதோ ஒரு கெடா மானு போட்டுக்கிட்டுத் திரியுது போல. எல்லை அதுக்கு நல்லாத் தெரியுது.”

ராவ்னா அடுப்படியில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“மூச்ச விடாம ஓட்டு அப்போ,” என்றான்.

“அதுக்கும் ஒரு நாளு வரும்.”

அவன் மேலே பார்த்தபடி, “ஊசியும் தோலும் எடுத்துக்கொடு,” என்றான். படுத்தபடியே மான் குட்டித் தோலில் ஒரு துண்டு வெட்டி, முகத்துணியின் உட்புறம் மூக்குக்கு நேராகத் தைத்தான். மூச்சு மேலே ஏறிக் கண்ணாடிக்குப் போகாமல் மோவாய்ப் பக்கம் இறங்கிப் போவதற்கு. காகிள்ஸின் மேல் ஓரத்துப் பஞ்சில் கத்தியால் இரண்டு இடத்தில் கீறிக் காற்று நுழைய வழி செய்தான். மூக்கின் மேல் ஒட்டிக்கொள்ள மருந்துக்கடை பிளாஸ்திரி. தன்னால் போக முடியாத எல்லைக்கு அவன் அந்த மாதிரி சாமான்களைத்தான் அனுப்ப முடிந்தது.

அது வேலை செய்தது. வண்டி ஓடுகிறவரை கண்ணாடி தெளிவாக இருந்தது. காய்ந்த குளிர்காற்று உள்ளே புகுந்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போனது. குடிசைக்குள் போய்விட்டு வந்தால்தான் போச்சு.

“வழியில ஒண்ணுமில்ல. குடிசைதான்,” என்றாள்.

“அப்போ குடிசைக்குப் போகாத.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை, அவள் மறுக்கவும் இல்லை. மறுநாள்தான் அவள் கையை மட்டும் உயர்த்திவிட்டுப் போனது.

அன்று எல்லை முழுவதும் தெரிந்தது. பழைய தடங்களின் ஓரம் மழுங்கிக் காற்றில் அரைபட்டுக் கிடந்தது தெரிந்தது. நரி ஒன்று வளைந்து வளைந்து ஓடிப்போனது தெரிந்தது. மான் எதுவும் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் ஹெய்க்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஐலுவைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் ஐலு வாசலில் நின்றான். கையில் கெட்டில் இல்லை. அவள் கையை உயர்த்தினாள், அவன் உயர்த்தவில்லை.

மூன்றாம் நாள் புகை வந்தது. கதவு மூடியிருந்தது. வண்டி தாண்டிப் போகும்போது உள்ளேயிருந்து நாய் மட்டும் குரைத்தது.

அன்றைக்குத்தான் ஏரியின் தலைமாட்டில் தடத்தைப் பார்த்தாள். அவள் பக்கத்தைச் சேர்ந்த மான்கள், வடக்கே போயிருந்தன. ஒரு சின்னக் கும்பல். தடத்தின் மேலேயே, அதை மிதித்துக்கொண்டு, ஒரு வண்டித் தடம். ஐலுவின் வண்டி. வண்டிப் பட்டையில் பல் தேய்ந்த இடது ஓரம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் பார்த்திருக்கிறான். சுற்றிலும் பார்த்தாள். குச்சி இல்லை. ஏரிக்கரை நெடுக பிர்ச் மரம். கையை நீட்டினால் ஒடிக்கலாம்.

அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. நினைத்துக்கொள்ளத் தெம்பில்லை. தடத்தோடு போனாள். புதர்க்காட்டில் வண்டி புதைந்தது. இறங்கி, இடுப்பளவு பனியில் மிதித்து மிதித்துத் தளமாக்கி, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே எடுத்தாள். வேர்த்தது. வேர்த்ததால் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வேர்வை அடங்கும்வரை வண்டி மேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தால் குளிர் ஏறும், எழுந்தால் வேர்க்கும். ஒருவழியாக மான்களை வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே ஹெய்க்கா தொலைபேசியை நீட்டினான். இசாத்.

“நீ குடிசையத் தாண்டிப் போறியாம்.”

“யாரு சொன்னா?”

“பெட்ரோல் போடற எடத்துல ஐலுவோட மச்சினன். நாலு பேரு நிக்கிறப்போ கேக்கறான், உங்க அக்கா வண்டிப் பெட்டியில என்ன கொண்டுபோறா, எங்க காதுக்குறி போட்ட மான்தோலு எதுவுமான்னு.”

ராவ்னா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நீ என்ன சொன்ன?”

“பெட்ரோல் போட்டேன்.”

“ம்.”

“என்ன ம்? பட்டியில பிரிச்சு ரெண்டு வாரம் ஆகல. அதுக்குள்ள நீ காபி குடிக்காமப் போனா ஊரு என்ன பேசும்?”

“காபி குடிச்சாக் குருடி. குடிக்கலன்னாத் திருடி.”

இசாத்தின் பக்கத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

“ரெண்டும் இல்லாம ஒரு வழி இருந்தாப் பாரு, அக்கா. இல்லன்னா திங்கக்கிழமையிலேர்ந்து பின்லாந்துக்காரன் போகட்டும். எனக்கும் தினம் தினம் இதையே பேச முடியல.”

அவன் குரலில் கோபம் இல்லை. அவனும் களைத்திருந்தான்.

வழி ஒன்று அவளுக்கு முன்பே தெரியும். கண்ணாடியையும் காகிள்ஸையும் வெளியிலேயே, குளிரிலேயே விட்டுவிட்டு உள்ளே போவது. குளிர்ந்த கண்ணாடி குளிராகவே இருந்தால் ஈரம் பிடிக்காது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருக்கிற முகம் முகமில்லை. சாதாரண நாளில் பரவாயில்லை. சந்தேகப்படுகிறவன் குடிசையில், அவன் கண் எங்கே போகிறது, கோப்பையை எப்படி வைக்கிறான் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி? அதுவுமில்லாமல் ஏன் கழற்றினாய் என்று கேட்பான். சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் ஜனவரியில் நடந்தது தன்னால்தான் என்று அவனுடைய அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவளே ஒப்புக்கொண்டதாகும். பட்டியில் கூட அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் கிளம்பும்போது ஹெய்க்காவின் பழைய கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

“ஒத்தக் காலுறை எதுக்கு?” என்றான் அவன் தரையிலிருந்து.

“ஒரு சின்ன வேலை இருக்கு.”

குடிசை வாசலில் வண்டியை நிறுத்தினாள். பிளாஸ்திரியைப் பிய்த்தாள். காகிள்ஸையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக் காலுறைக்குள் போட்டாள். கதவுப் பக்கத்துச் சுவரில் ஐலு சுருக்குக் கயிறு மாட்டுகிற ஆணி ஒன்று உண்டு. தடவிக் கண்டுபிடித்து, கயிற்றுக்கு மேலேயே காலுறையை மாட்டினாள். உலகம் வெள்ளையும் சாம்பலுமாகக் கரைந்து நின்றது. கதவைத் தள்ளினாள்.

“நாய மிதிக்காத,” என்றது குரல்.

காலைத் தூக்கி எதையோ தாண்டினாள். பெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பெஞ்சு இருந்தது.

“யாரு இது, வழி தப்பி வந்தது?”

“கெட்டில்ல இருக்கா?”

“மூணு நாளா இருந்துச்சு. இன்னைக்குத்தான் ஊத்திக் கொட்டினேன்.”

ஆனால் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மேஜை மேல் கோப்பை வைக்கப்பட்ட சத்தமும். கையை நீட்டினாள். விரல் கோப்பைக்குள் போய்ச் சுட்டது. விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

“கண்ணாடி எங்க?”

“வெளியில. ஆணியில.”

“எதுக்கு?”

“உள்ள கொண்டாந்தா ஆவி படியுது. வெளிய போனா உறைஞ்சு போகுது. அப்புறம் ஒண்ணும் தெரியறதில்ல.” கோப்பையைத் தேடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கும் அப்படித்தான்.”

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. எதிரே பழுப்பாக ஒரு வட்டம், அதற்கு மேல் கருப்பாகத் தொப்பி. அந்த வட்டத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை. தெரியாமலிருப்பது அவள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. பார்க்கிற வேலை ஒன்று குறைந்ததுபோல இருந்தது.

“அதுக்காகவா மூணு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன?”

“மூஞ்சியத் திருப்பல. கையத் தூக்கினேன்.”

“கையத் தூக்கறதுக்கு ஆளு எதுக்கு? ஒரு குச்சிய நட்டு வச்சாப் போதும்.”

“நீ அதக்கூட நடல.”

நாய் எழுந்து, சுற்றி, மறுபடி படுத்தது. கத்தி பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் கோப்பைக்குள் எதுவோ விழுந்தது. பாலாடைக்கட்டி. அதற்குப் பின்னால் இன்னொரு துண்டு.

“எம் மச்சினன் வாய நான் தைக்க முடியாது,” என்றான்.

“நான் கேக்கலையே.”

“நீ கேக்கல. நானாச் சொல்றேன்.”

குடித்தார்கள். இரண்டாவது கோப்பையையும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சு முதுகுவலிக்கும் டீசல் அடுப்புக்கும் போனது. எல்லையைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறகு அவள் எழுந்து, நாயைத் தாண்டி வெளியே வந்தாள்.

வெளியே வந்தவள் வண்டியில் ஏறவில்லை. காலுறையையும் எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் பார்த்து நின்றாள். தலையிலிருந்தும் கழுத்திலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.

“வண்டி ஸ்டார்ட் ஆகலையா?”

“ஆகும். முகம் ஆறணும். சூட்டோட மாட்டினா மறுபடி பாலாப் போயிரும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியாது. தாடி இருந்தா அதிகம் ஆகுமோ என்னமோ.”

அவன் தாடியைத் தடவுகிற சத்தம் கேட்டது. உள்ளே போகவில்லை. மேல்கோட்டு இல்லாமலேயே பக்கத்தில் வந்து நின்றான். இருவரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள், ஒருவருக்குத் தெரிகிற ஏரியையும் இன்னொருவருக்குத் தெரியாத ஏரியையும். பிறகு அவன் அவளைப் பார்க்காமல், உதட்டை அதிகம் அசைக்காமல், தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தான்.

“காத்து திரும்பியிருக்கு. உங்க மானெல்லாம் மூக்க இந்தப் பக்கம் வச்சிருக்கு. பொளந்த பாறை இருக்குல்ல, அதுக்கு மேக்க. காலையில நாலஞ்சு தலை கரையோரமா நின்னுச்சு. நடுவுல ஒரு வெள்ளக் கெழவி. அதுதான் மத்ததையெல்லாம் இழுத்துக்கிட்டு வருது. நான் பாத்தப்போ தாண்டல. இந்நேரம் தாண்டியிருக்கும்.”

கரும்பலகை தெரியாத பெஞ்சில், இடது காதுக்குப் பக்கத்தில், அந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள். அப்போது அது இவ்வளவு கரகரப்பாக இருக்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

“குச்சி நட்டியா?”

“நேரில நிக்கிறேன். குச்சி எதுக்கு?”

கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று காய்ந்திருந்தது. காலுறையை ஆணியிலிருந்து எடுத்தாள். மூக்குக்கண்ணாடி மூக்கில் பட்ட இடம் சுட்டது. பிளாஸ்திரி, தோல் வைத்த முகத்துணி. காகிள்ஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஏரி வரை மெதுவாகவே போய், மிச்சச் சூட்டையும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் மேலே ஏற்றினாள்.

பிளந்த பாறைக்கு மேற்கே பனி நீலமாகக் கிடந்தது. தடம் ஒரு நூல் மாதிரி அதன் குறுக்கே போயிருந்தது. ஓரங்கள் இன்னும் நொறுங்காமல் கூராக இருந்தன. எண்ண வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்குக் கொஞ்சம்தான். முன்னால் அகலமான குளம்பு, வெள்ளைக்கிழவி. அவள் தடத்தின் மேல் போகாமல் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் பெரிதாகச் சுற்றி, புதர் முடிகிற இடத்தில் அவற்றுக்கு முன்னால் போய் நின்றாள். கிழவி நிமிர்ந்து பார்த்தாள். வயிறு பெருத்திருந்தது. ராவ்னா வண்டியை உறுமவிடவில்லை. முடுக்கியைத் தொட்டும் தொடாமலும், மனிதன் நடக்கிற வேகத்தில் அவற்றைத் தெற்கே நகர்த்திக்கொண்டு போனாள். அரைநாள் போனது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஆனால் ஒவ்வொரு காதும் தெரிந்தது, ஒவ்வொரு காதின் வெட்டும்.

சாயங்காலம் இசாத்துக்கு அவளே பேசினாள்.

“காபி குடிச்சியா?”

“ரெண்டு.”

“மானு?”

“தாண்டுச்சு. திருப்பிட்டேன். நம்ம பக்கந்தான் நிக்குது.”

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

“திங்கக்கிழமை நீயே போறியா?”

“வேற யாரு?”

“சரி. வண்டிக்குப் பெல்ட்டு ஒண்ணு வந்திருக்கு, வாங்கி வைக்கிறேன்,” என்றான். பின்லாந்துக்காரனைப் பற்றி அதன் பிறகு பேச்சே எழவில்லை.

திங்கட்கிழமை குடிசை வாசலில் சுருக்குக் கயிறு ஆணியில் இல்லை. கூரை விளிம்புக்கு மாறியிருந்தது. பழைய ஆணி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், புதிதாக அடித்தது, தலை பளபளவென்று இன்னொரு ஆணி. அதில் ஒரு காலுறை தொங்கியது. கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால் ராவ்னா அதைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே காகிள்ஸ்.

நாயைத் தாண்டி உட்கார்ந்தாள். இந்த முறை கோப்பையை அவன் அவள் கையிலேயே கொடுத்தான்.

“உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமே,” என்றாள்.

“தெரியும்.”

“அப்புறம்?”

“பஞ்சு நனையுது,” என்றான். “உள்ள வச்சா நனையத்தான் செய்யும்.”

எத்தனை நாளாக நனைகிறது என்று அவள் கேட்கவில்லை. ஜனவரியில் அன்றைக்கு, அவளுக்குப் பின்னால், இதே குடிசையிலிருந்து அவனும்தான் கிளம்பினான். அவனும் அதே எல்லையில்தான் போனான், தடத்தை அவனும் பார்க்கவில்லை. அவள் காபியை ஊதிக் குடித்தாள். பாலாடைக்கட்டி நன்றாக ஊறியிருந்தது.

பிறகு இருவரும் வெளியே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் தாடியில் ஆவி வெள்ளையாகப் படிந்தது. காற்று எங்கிருந்து வருகிறது என்று அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். வசந்தம் வர இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. அத்தனை நாளும் இதேபோல வர வேண்டும், இறங்க வேண்டும், நிற்க வேண்டும். நினைக்கும்போதே கால் ஓய்ந்தது.

முகம் ஆறியது. கண்ணாடியை மாட்டினாள். மூக்கில் சுட்டது. தெரிந்தது.